கொஞ்சம் நடந்து காட்டுங்க

ஒரு காலத்தில் சந்திரலேகாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் என்றாலே குமட்டும். இப்போது பெண் வீட்டார் என்றாலும் குமட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் உலகம் புரண்டு படுத்தது. சிதம்பரத்தில் அதை முதலில் கண்டுகொண்டவர்களில் அவளும் ஒருத்தி. கண்டுகொண்டபோது சந்தோஷம்கூடப் பட்டாள். அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் தாங்கவில்லை.

மேலவீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் அவளுடைய திருமணத் தகவல் மையம் இருக்கிறது. பெயர்தான் மையம். ஒரு மேஜை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதே இடத்தில் முன்பு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. அண்ணன் தங்கராசு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கிக் கொடுத்த லைன் அது. பாதிக் கட்டண நேரம் வந்துவிட்டால் அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பையன்கள் சைக்கிள்களை வாசலில் குவித்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். ஊரில் மூலைக்கு மூலை மஞ்சள் போர்டு முளைத்துக்கொண்டிருந்த நேரம்.

ஒரு நாள் ஒரு பையன் வந்தான். பேச வரவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு செல்போனை எடுத்து, "அக்கா, கொஞ்ச நேரம் இதுக்கு சார்ஜ் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். அவள் பிளக்கைக் காட்டினாள். அவன் போனதும் வெறும் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கதை முடிந்தது என்று அவளுக்குப் பட்டது. தங்கராசு கேட்கவே இல்லை. "பைத்தியமா நீ? செல்லுல பேச கட்டுபடியாகுமா யாருக்காவது? இன்னொரு லைன் போடுற நேரத்துல மூடுறேங்குற" என்று கத்தினான். அவள் லைனையும் கூண்டையும் மட்டும் வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டாள். வாங்கியவர் அவள் காது படவே அவளை ஏமாளி என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த வருடமே அந்தக் கூண்டு பழைய சாமான் கடை வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

கல்யாணத் தொழிலுக்கு அவள் வந்ததும் அந்தக் கூண்டால்தான். உள்ளே நின்று பேசினால் வெளியே கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எல்லாமே கேட்கும். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவதை வருடக்கணக்காகக் கேட்டிருந்தாள். யுனிவர்சிட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஜெயப்பிரகாஷ் அவர்களில் முக்கியமானவர். அவருக்கு வரிசையாகத் தங்கைகள். வாரம் தவறாமல் வருவார். "சார், கலர் கொஞ்சம் கம்மிதான் சார். ஆனா தங்கமான பொண்ணு சார். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க சார்" என்பார். ரிசீவரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். யாருக்கு எங்கே வரன் இருக்கிறது என்பது அவளுக்கே மனப்பாடமாகிப் போயிருந்தது. பூத்தை மூடிய கையோடு கல்யாண போர்டை மாட்டினாள்.

தொழில் நன்றாகவே நடந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே அவளுக்குப் பிடிக்காது. பெண் பார்க்கிற வீட்டில் அவளும் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனகிரியில் ஒரு வீட்டுக்கு, மூத்த மகனுக்குப் பெண் பார்க்க, குடிகாட்டுக் கொளஞ்சியை வரச் சொல்லியிருந்தாள்.

கொளஞ்சிக்குக் கடலூரை ஒட்டிய குடிகாட்டில் நிலம் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், பக்கத்துக் கெமிக்கல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்மனென்ட் வேலை. மூத்த மகனையும் அங்கேயே சேர்த்துவிட்டிருந்தார். அந்த நாளில் எஸ்டேட் பர்மனென்ட் என்றால் கடலூரிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வரக் கூடாது என்பது ஒரு கௌரவம். அன்றைக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்து சேர்ந்தார்கள். அதுவரை பெண் பட்டுப் புடவையோடு புழுங்கிக்கொண்டிருந்தாள்.

பெண் வந்து விழுந்து கும்பிட்டு நின்றாள். கொளஞ்சி பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே பார்த்தார்.

"பவுடரு ஜாஸ்தியா இருக்கே. மூஞ்சி கழுவிட்டு வரச் சொல்லுங்க."

பெண்ணின் அப்பா, ஓடாத குறையாக, தானே சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தார். கழுவிவிட்டு ஈர முகத்தோடு வந்து நின்றவளிடம், "கொஞ்சம் நடந்து காட்டும்மா. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும்" என்றார் கொளஞ்சி. அவள் நடந்தாள். கொளஞ்சியின் மனைவி தில்லையம்மாள் மட்டும் தலையைக் குனிந்து தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லோரும் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தார்கள்.

"யோசிச்சிச் சொல்றோம்" என்று எழுந்தார் கொளஞ்சி. வெளியே வந்து சந்திரலேகாவிடம், "நட சரியில்ல தங்கச்சி. தரை அதிருது. அடுத்தத காட்டு" என்றார். மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. சந்தையிலாவது மாட்டுக்குச் சொன்னது புரியாது. அன்றிரவு அவளால் சாப்பிட முடியவில்லை. கொளஞ்சியோ அடுத்த மாதமே வேறிடத்தில், கேட்டதெல்லாம் வாங்கிக்கொண்டு, மூத்தவன் கல்யாணத்தை முடித்தார். "எனக்கு ரெண்டும் சிங்கம், பொண்ணு தொல்லையே இல்ல" என்று பந்தியில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

அதற்குச் சில வருடம் கழித்துத்தான் உலகம் புரண்டதன் முதல் அடையாளம் தெரிந்தது. ஒரு வைகாசி ஞாயிறு. அண்ணாமலை நகரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. சந்திரலேகா ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தெருமுனை மரத்தடியில் வெள்ளைச் சட்டையும் பட்டுப் புடவையுமாக ஒரு கூட்டம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார். கையில் பூவும் பழமும்.

"ஏங்க இங்க நிக்கிறீங்க?"

"சீக்கிரமே வந்துட்டோம்மா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, குரலைத் தாழ்த்தி. "அவுங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுல்ல. அதான் நேரம் ஆகட்டும்னு நிக்கிறோம்."

செல்போனுக்கு சார்ஜ் கேட்டு வந்த பையனைப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது அவளுக்கு. மாப்பிள்ளை வீடு வெயிலில் நிற்கிறது. நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. இது சின்ன விஷயம் இல்லை.

அன்றிலிருந்து அவள் கவனிக்கத் தொடங்கினாள். பெண் வீட்டில் கேசரி, பஜ்ஜி போய் வெறும் டீ, பிஸ்கட் ஆனது. போன் முதலில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வர ஆரம்பித்தது. "யோசிச்சிச் சொல்றோம்" என்ற வார்த்தை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்விட்டது. அதை மட்டும் வைத்தே காலம் திரும்பியதைச் சொல்லிவிடலாம். தங்கராசுவிடம் சொன்னாள். "அதெல்லாம் ரெண்டு வருஷம்தான். பொறகு பழையபடி வந்துடும். பொண்ணப் பெத்தவன் எங்க போவான்?" என்றான். பூத் விஷயத்தில் சொன்ன அதே குரல்.

பழையபடி வராது என்று அவளுக்குத் தெரியும். காரணம் அவள் கண்ணெதிரே இருந்தது. பெண் பிள்ளைகள் படித்துவிட்டுச் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். பையன்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார்கள். அதற்கும் மேலே இன்னொன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பெண் வேண்டாம் என்று ஸ்கேன் பார்த்துக் கழித்த காலம் ஒன்று இருந்ததே, அந்தக் காலத்தில் பிறந்த பையன்கள் இப்போது மாலைக்கு நிற்கிறார்கள். எதிரே வந்து நிற்க வேண்டியவர்கள் பிறக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இப்போதுதான் முழிக்கிறார்கள். நடந்ததோ அவர்கள் வீட்டுக்குள்ளேயேதான்.

ஆனாலும் அந்த முதல் கொஞ்ச நாள் அவளுக்கு இனித்தது. நல்லா வேணும் என்று நினைத்தாள். இனிமேல் பெண்கள் தலை நிமிர்ந்து உட்காருவார்கள், நமக்கும் மரியாதையான தொழிலாகிவிடும் என்று நினைத்தாள். அங்கேதான் ஏமாந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தது பெண்கள் இல்லை, பெண்களின் அப்பாக்கள். நேற்றுவரை கைகட்டி நின்றவர்கள், உட்கார்ந்த அடுத்த நிமிடமே காலை ஆட்ட ஆரம்பித்தார்கள். "பையனோட அம்மா அப்பாவுக்கு என்னா வயசு? கூடவே இருப்பாங்களா?" என்று கேட்டு, கொஞ்சம் இழுத்து, "சுகர், பிரஷர் இருக்குதா?" என்பார்கள். கிழங்கள் எப்போது ஒழியும் என்பதுதான் அந்தக் கேள்வி. "பாத்ரூமு போட்டோ அனுப்பச் சொல்லுங்க." "அஞ்சாறு பேர வெயிட்டிங்ல வையுங்க, நல்லதா வந்தா கழட்டி விட்டுடலாம்." கழட்டி விடுவதாம். கேட்டுவிட்டுப் போனை வைத்தால் கையைக் கழுவ வேண்டும் போலிருக்கும் அவளுக்கு.

கொளஞ்சி திரும்ப வந்தது இப்படிப்பட்ட நேரத்தில்தான். இளையவன் அருண்குமாருக்கு வரன் வேண்டும். டிப்ளமோ படித்து, கடலூரில் ஒரு பட்டறையில் மெஷின் மெயின்டனன்ஸ் பார்க்கிற பையன். பைக்கில் விழுந்து காலில் ஆபரேஷன் நடந்ததால் லேசாகச் சாய்ந்து நடப்பான். அதிகம் பேச மாட்டான். முதல் தடவை வந்தபோது கொளஞ்சிக்குச் சிவப்பான பெண், வேலையில் இருக்கிற பெண் வேண்டும், ஒரே மகளாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வருடம் சிவப்பு போனது. அதற்கடுத்து வேலை போனது. போன சித்திரையில் வந்து உட்கார்ந்து, "பொண்ணா இருந்தா போதும் தங்கச்சி" என்றார்.

பையனிடம் குறை ஒன்றும் இல்லை. ஊர்தான் குறை. "குடிகாடா? எஸ்டேட் பக்கத்துலயா? அந்தக் காத்துலயா எம்பொண்ண அனுப்புவேன்?" என்று போனை வைத்துவிடுவார்கள். எந்த எஸ்டேட்டுக்காக வரிசையில் நின்றார்களோ அதன் பேரைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது அங்கே பர்மனென்ட்டும் கிடையாது, எல்லாம் கான்ட்ராக்ட். மாப்பிள்ளை வயதைத் தாண்டிய பையன்கள் வீட்டுக்கு வீடு.

கடைசியில் ஓர் இடம் அமைகிற மாதிரி வந்தது. ஜெயப்பிரகாஷின் மகள் பொன்னி. ஆமாம், பூத்தில் நின்று அழுத அதே ஜெயப்பிரகாஷ்தான். ரிட்டயராகி, அண்ணாமலை நகரிலேயே சொந்த வீடு கட்டிவிட்டார். மனைவி இல்லை. பொன்னி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். பையன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நேர்ல பேசிப் பாக்குறேன்" என்று பொன்னியே சொன்னதால்தான் ஏற்பாடு. தங்கைகளுக்காக அவ்வளவு பட்ட மனுஷன், நல்லபடி நடந்துகொள்வார் என்று சந்திரலேகா நம்பினாள்.

கொளஞ்சி வீட்டார் நேரத்துக்கு முன்பே வந்து காருக்குள்ளேயே காத்திருந்தார்கள். ஏ.சி.யைப் போட்டால் பெட்ரோல் தீரும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஜெயப்பிரகாஷ் ஜன்னல் வழியே பார்த்தார். கதவைத் திறக்கவில்லை. சொன்ன நேரம் தாண்டி, அதற்குப் பிறகும் நன்றாகக் காக்கவைத்துத்தான் கூப்பிட்டார். சோபாவில் தான் உட்கார்ந்துகொண்டு அவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"குடிகாடுன்னு சொன்னாங்க. அங்க வீட்டுக்குள்ளயே நாத்தம் வருமாமே?"

"அதெல்லாம் காத்து திரும்புறப்பதாங்க. மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றார் கொளஞ்சி. அப்படிப் பணிந்த குரல் அவரிடம் இருக்கும் என்றே சந்திரலேகாவுக்குத் தெரியாது.

"பையனுக்கு ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுத்துக் காட்டணும். நான் சொல்ற லேப்ல. நீங்களா கொண்டு வர்ற ரிப்போர்ட்டு வேணாம்."

"எடுத்துடலாங்க."

"கல்யாணத்துக்கப்பறம் இவுங்க டவுன்ல தனியா இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் அங்கயே இருந்துக்குங்க. பண்டிகைக்கு வந்துட்டுப் போங்க."

தில்லையம்மாள் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சி அதற்கும் தலையாட்டினார். ஜெயப்பிரகாஷ் சாய்ந்து உட்கார்ந்து அருண்குமாரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கால்ல ஏதோ ஆபரேஷனாமே தம்பி? எங்க, கொஞ்சம் நடந்து காட்டுங்க. அந்தக் கதவு வரைக்கும்."

சந்திரலேகாவுக்குக் கொளஞ்சி படுவதைப் பார்த்து உள்ளுக்குள் குளிர வேண்டிய இடம் அது. ஒன்றும் குளிரவில்லை. அருண்குமார் எழுந்தான். யாரையும் பார்க்காமல் கதவு வரை நடந்தான். திரும்பினான். நெற்றியில் வியர்வை கோத்திருந்தது. ஜெயப்பிரகாஷ் கழுத்தைச் சாய்த்து அவன் காலையே உற்றுப் பார்த்தார். இந்த ஆளா அன்று கூண்டுக்குள் நின்று "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க சார்" என்று அழுதவர்?

"இன்னொரு தடவ. கொஞ்சம் வேகமா" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"அப்பா!"

உள்ளறை வாசலில் பொன்னி நின்றாள். "அவர உக்காரச் சொல்லுங்க. நடக்கச் சொல்றது என் வேல. அதுவும் வலின்னு எங்கிட்ட வர்றவங்களதான் நடக்கச் சொல்வேன்."

"நீ உள்ள போம்மா. இதெல்லாம் கேட்டுத்தான் ஆவணும். நம்ம கை ஓங்கியிருக்குற நேரம் இது" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

பொன்னி அருண்குமாரிடம், "மன்னிச்சிடுங்க" என்றாள். பிறகு சந்திரலேகாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காதபடி பேசினாள். "ஆன்ட்டி, அவர்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இப்படி நிக்க வச்ச வீட்டுலேர்ந்து நான் அவரக் கட்டிக்கிட்டுப் போனா, அவுங்க வீட்டுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? எங்க அத்தைங்கள இப்படி நிக்க வச்சாங்கன்னு அப்பா எத்தன தடவ சொல்லி அழுதிருக்கார் தெரியுமா? அழுததெல்லாம் இதுக்குத்தானா? தன் முறை வரட்டும்னுதானா?"

சந்திரலேகா குழாயை மூடினாள். வெளியே வந்தபோது ஜெயப்பிரகாஷ் எழுந்து நின்று கைகூப்பி, "யோசிச்சிச் சொல்றோம்" என்றார். வாசலில் அவளைத் தனியாக நிறுத்தி, "இவுங்கள வெயிட்டிங்ல வையுங்க மேடம். துபாய் பையன் ஒருத்தன் இருக்கான்னீங்களே, அத பாருங்க" என்றார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்ததால் கொளஞ்சியின் காரிலேயே ஏறிக்கொண்டாள். அருண்குமார் ஓட்டினான். கொளஞ்சி முன்னால். பெண்கள் இருவரும் பின்னால். வண்டி முட்லூரைத் தாண்டியது. பிறகு கொளஞ்சி வெடித்தார்.

"அவன் என்னா பெரிய கலெக்டரா? எம்புள்ளய நடக்கச் சொல்றான்! என்னா திமிரு பாத்தியா தங்கச்சி?"

நீங்கள் சொன்ன அதே வார்த்தைதானே என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. பையன் முகத்துக்காக அடக்கிக்கொண்டாள்.

"சரி, வுடு. வேற ஸ்டேட்டுலேர்ந்து பொண்ணு கொண்டாந்து குடுக்குற ஆளு ஒருத்தன் நெய்வேலியில இருக்கானாம். பாஷை தெரியாட்டி என்னா, வந்து கத்துக்கட்டும். ஏழ வீட்டுப் பொண்ணு, வாயத் தொறக்காது. வீட்டுல கெடக்கும். நீ ஒரு வார்த்த பேசி முடிச்சிக் குடு."

"நான் ஆள் புடிக்கிறவ இல்ல" என்றாள் சந்திரலேகா. "அந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க."

"பின்ன நான் என்னாதான் பண்ணுறது? நாட்டுல பொண்ணுக்கு அவ்ளோ பஞ்சமா? எங்கதான் போய்த் தொலஞ்சுதுங்க எல்லாம்?"

தில்லையம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வாய் திறந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"என்னா தெரியாதா?"

"எங்க போச்சுதுங்கன்னு. நம்ம வீட்டுதுங்க ரெண்டும் பாண்டி ஆஸ்பத்திரியில போச்சு. நீங்கதான் வாடகைக் காரு பேசிக் கூட்டிட்டுப் போனீங்க. பெரியவனுக்கு அப்பறம் ஒண்ணு. அடுத்த வருஷம் ஒண்ணு. ரெண்டாவது நல்லா அசைய ஆரம்பிச்சிடுச்சி. வேணாங்கன்னு கால்ல வுழுந்தேன்."

கார் புதுச்சத்திரம் தாண்டிய வளைவில் ஓரமாக ஏறி நின்றது. அருண்குமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அதுக்கு அப்பறம்தான் நானா?" என்று கேட்டான்.

அம்மா தலையாட்டினாள்.

"அந்தக் காலத்துல எல்லாரும் பண்ணதுதாண்டா" என்றார் கொளஞ்சி. "பொண்ணப் பெத்தவன் பட்ட பாட்ட நீ பாத்திருக்கியா? சீரு, செனத்தின்னு சொத்தெல்லாம் அழிஞ்சி நடுத்தெருவுல நின்னான் ஒவ்வொருத்தனும்."

"அவுங்கள நடுத்தெருவுல நிக்க வச்சதே நீங்கதானே!" சந்திரலேகா கத்திவிட்டாள். வேலைக்கு வந்த இடத்தில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "வாங்குறவன் நீங்க. வாங்குறவனுக்கு பயந்து அழிச்சவனும் நீங்க. இப்ப எங்க போச்சுன்னு தேடுறவனும் நீங்க. எனக்கு உங்க பக்கத்துல உக்காரவே அருவருப்பா இருக்கு."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். மறுபக்கக் கதவு திறந்து தில்லையம்மாளும் இறங்கினாள். அருண்குமார் வண்டியை அணைத்து, சாவியை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு இறங்கினான். கொளஞ்சிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "எங்கடா போறீங்க? எவளோ ஒருத்தி பேச்சக் கேட்டுக்கிட்டு..." என்று உள்ளேயிருந்து கூப்பாடு போட்டார். யாரும் திரும்பவில்லை. கடலூர் பஸ் வந்தது. மூன்று பேரும் ஏறினார்கள். பஸ்ஸுக்குள் தில்லையம்மாள் அழவில்லை. சந்திரலேகாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அருண்குமார்தான் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

அதன் பிறகு அவன் குடிகாட்டில் தங்கவில்லை. ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுனில் ஒரு சின்ன வீடு பிடித்து அம்மாவைக் கூட்டி வந்துவிட்டான். நெய்வேலி ஆளைக் கொளஞ்சி வீட்டுக்கே வரவழைத்தபோது, "பொண்ணு வெல பேசுனா போலீசுக்குப் போவேன்" என்று போனில் சொல்லிவிட்டான். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இப்போது அவன் பேசுவதும் இல்லை. பொன்னி திருச்சியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். ஜெயப்பிரகாஷ் இன்னமும் மாப்பிள்ளைகளை வடிகட்டிக்கொண்டிருக்கிறார், வேறொரு மையத்தின் மூலமாக. துபாய் பையன் வீட்டார் போன மாதம் அவரிடமே "யோசிச்சிச் சொல்றோம்" என்று சொன்னார்களாம். அதைக் கேட்டும் சந்திரலேகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் தன் மையத்தில் ஒரு விதி வைத்தாள். இனி யார் வீட்டுக்கும் போய்ப் பார்ப்பது கிடையாது. பையனும் பெண்ணும் இங்கே வந்து, அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசட்டும். பெற்றவர்கள் ஜூஸ் கடையில் காத்திருக்கட்டும். இரண்டு பக்கத்துப் பெற்றவர்களும் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமை. தொழில் பாதியாகக் குறைந்தது. தங்கராசு வழக்கம்போல் கத்தினான். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

தில்லையம்மாள் சில நாள் பஸ் ஏறிச் சிதம்பரம் வருவாள். கோயிலுக்குப் போய்விட்டு மையத்தில் வந்து உட்காருவாள். போன வாரம் அப்படி அவள் உட்கார்ந்திருந்தபோது, ஒருவர் லட்டு டப்பாவோடு வந்தார். பழைய வாடிக்கையாளர். முன்பு மகனுக்குப் பெண் பார்க்க வந்து, பெண்ணின் பல்லைக்கூடப் பார்க்கவேண்டும் என்று சொன்ன மனுஷன்.

"பேத்தி பொறந்திருக்கா! எடுத்துக்குங்க" என்றார். "பொண்ணாதான் பொறக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்தோம். இனிமே பொண்ணுக்குத்தானே மார்க்கெட்டு? பையனப் பெத்து யாரு சீரழியுறது? பாத்துக்கிட்டே இருங்க, இவ வளந்து நிக்கிறப்ப நான் சொல்றதுதான் நம்மூர்ல சட்டம்."

சந்திரலேகா எடுத்த லட்டை மேஜைமேலேயே வைத்துவிட்டாள். பிறந்து சில நாள்கூட ஆகாத குழந்தைக்கு அதற்குள் விலை போட்டாகிவிட்டது. பெண்ணைக் கொன்ற கணக்கும் இதே கணக்குதான், கூட்டல் கழித்தல்தான் மாறியிருக்கிறது.

தில்லையம்மாள் கையை நீட்டினாள். "போட்டோ இருக்குதா?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். துணிச் சுற்றுக்குள் சிவந்த முகம், இறுக மூடிய கண். தில்லையம்மாள் போனை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். அவர் திருப்பிக் கேட்க நினைத்து, கேட்கத் தயங்கி, நின்றார்.

"பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"சீக்கிரம் வையுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு லட்டை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுத் தின்றாள். அவர் போனபின் சந்திரலேகா அவளை முறைத்தாள்.

"எப்படித்தான் உங்களுக்கு எறங்குது?"

"அந்த ஆளுக்காகவா தின்னேன்?" என்றாள் தில்லையம்மாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கடலூர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள்.